நாவல் பத்திரமாக இருக்கிறது, நாம் பேசியது எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், புத்தகம் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்வார்கள். தனக்குப் பிடித்த எழுத்தாளரின் பெயரைத் தேடுபொறியில் அடித்து, பக்கத்தில் பி.டி.எப். என்று சேர்த்து என்டர் தட்டுவார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். 2014-ல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் நான் முதலில் இறக்கிய பைல், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. யாரோ ஒரு புண்ணியவான் பழைய பிரதி ஒன்றை ஸ்கேன் செய்து போட்டிருந்தார். பக்கங்கள் கோணலாக இருந்தன. ஓரத்தில் அவருடைய கட்டை விரலும் தெரிந்தது.

இன்றைக்கு அந்த நாவலின் ஸ்கேன் பிரதிகள் எத்தனையோ பேரின் மொபைலில் இருக்கின்றன. ஆனால் அதே நாவலைப் பற்றி 20 வருடங்களுக்கு முன் தமிழர்கள் இன்டர்நெட்டில் எழுதிய கடிதங்களில் பெரும் பகுதி இல்லை. எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எது கடையிலேயே கிடைக்கிறதோ அதைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் தாய்மாமாவின் ஒரு சி.டி. காரணம்.

மாமா ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸில் கிளார்க். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களின் பேப்பர் வேலை. வீடு திருவொற்றியூரில். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. 2003, 2004-ல் சனிக்கிழமை சாயங்காலம் தேரடி பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவார். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். என்னையும் சில நாள் கூட்டிப் போவார். எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுவதைப் பார்த்துக் கொண்டிருப்பேன். “இன்னா மாமா எழுதறே?” என்று கேட்டால், “ஒரு நாயைப் பத்தி” என்பார். ஜீனோவைச் சொல்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

‘என் இனிய இயந்திரா’ படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. பிறகு தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியா எப்படி இருக்கும் என்று எழுதப்பட்டது. ஜீவா என்ற ஒருவரின் ஆட்சி. மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். குழந்தை பெற்றுக்கொள்ளவே அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண், அவளுடன் ஜீனோ என்ற ரோபாட் நாய். அந்த நாய் பேசும், புத்தகம் படிக்கும், யோசிக்கும். மீதியை நீங்களே படியுங்கள், முடிச்சை நான் அவிழ்ப்பதாக இல்லை. இதன் தொடர்ச்சிதான் ‘மீண்டும் ஜீனோ’.

சுஜாதா, அதாவது எஸ். ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான வேலையில் பங்கு உண்டு. பி.சி. வீட்டுக்கு வராத காலத்திலேயே கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று தமிழில் புரியும்படி எழுதியவர். இந்தப் பத்திரிகை வாசகர்களின் அப்பா, அம்மாக்களில் பலருக்கு ‘சிப்’ என்ற சொல்லே அவர் மூலமாகத்தான் அறிமுகம் ஆகியிருக்கும். அம்பலம் என்ற இணைய இதழில் வாசகர்களோடு நேரடியாகச் சாட்டில் பேசவும் செய்தார். அதனால் தமிழ் இன்டர்நெட்டில் முதலில் கூடிய வாசகர் கூட்டத்தில் அவருடைய ரசிகர்கள் நிறைய இருந்தது ஆச்சரியமில்லை.

அந்தக் காலத்தில் இப்படிக் கூடும் இடம் இ-மெயில் குழுமம். நீங்கள் ஒரு கடிதம் அனுப்பினால் குழுமத்தில் உள்ள எல்லோருக்கும் போகும். யாராவது பதில் எழுதினால் அதுவும் எல்லோருக்கும் வரும். யாஹூ குழுமங்களில் தமிழுக்கென்று பல இருந்தன. கல்கியின் சரித்திர நாவலுக்காகவே ‘பொன்னியின் செல்வன்’ குழுமம் ஒன்று இருந்தது. அதில் பழகியவர்கள் சேர்ந்து சோழர் கோயில்களைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். ‘மரத்தடி’ குழுமமும் ‘திண்ணை’ இணைய இதழும் சேர்ந்து அறிவியல் புனைகதைப் போட்டி ஒன்றை நடத்தின; நடுவர் சுஜாதா. ரசிகர்களாக வந்தவர்கள் அங்கே எழுத்தாளர்களாக மாறினார்கள்.

இது தமிழர்களுக்கு மட்டும் வந்த ஆசை இல்லை. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையின் பணத்தில் உருவானது அர்ப்பாநெட். இன்றைய இன்டர்நெட்டின் தாத்தா. அதில் 1979-லேயே ‘எஸ்.எப். லவ்வர்ஸ்’ என்று ஓர் இ-மெயில் பட்டியல் ஓடியது. ஆராய்ச்சிக்காகப் போட்ட கம்பியில் இன்ஜினியர்கள் விண்வெளி நாவல்களைப் பற்றிச் சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கம்பியின் மிக நல்ல உபயோகம் அதுதான்.

சரி, சி.டி.க்கு வருகிறேன். மாமா எழுதிக் கொண்டிருந்த குழுமம் எந்தச் சேவையில் இருந்தது என்பது இங்கே தேவையில்லை. சின்னக் குழுமம். 2008 பிப்ரவரி 27-ல் சுஜாதா காலமானபோது ஒரு வாரம் கடிதங்கள் குவிந்தனவாம். பிறகு மெல்ல மெல்ல எல்லோரும் வேறு பக்கம் போய்விட்டார்கள். மாமாவுக்கும் வேலை மாற்றம், பிள்ளைகள் படிப்பு. 2021-ல் லாக்டவுனில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

“டேய், நீ சாப்ட்வேர்தானே? நான் அந்த குரூப்ல எழுதினதெல்லாம் எடுத்துக் குடுக்க முடியுமா?”

முடியவில்லை. குழுமமே மூடப்பட்டிருந்தது. மூடப் போகிறோம், வேண்டியதை எடுத்துக் கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்திருக்கிறது. அது வந்து சேர்ந்தது, மாமா பாஸ்வேர்டை மறந்து பல வருடமாகத் திறக்காத ஓர் இ-மெயில் முகவரிக்கு. தப்பு எங்கள் பக்கம்தான். மாதச் சம்பளத்துக்கு டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கிறவன் நான். சொந்த மாமாவின் கடிதங்களைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கான சொந்தப் பக்கங்கள் இருந்தன. 2009 அக்டோபரில் மூடப்பட்டது. யாஹூ குழுமங்களைப் பற்றிய அறிவிப்பு 2019 அக்டோபரில் வந்தது. பழைய கடிதங்களும் படங்களும் நீக்கப்பட்டு, 2020 டிசம்பர் 15-ல் கதவு முழுவதுமாகச் சாத்தப்பட்டது. நடுவில் கேட்டு வாங்கிக்கொள்ள அவகாசம் இருந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் ராப்பகலாக முயன்று நிறையக் காப்பாற்றினார்கள். ஆனால் உலகம் முழுவதும் இருந்த குழுமங்களில் தமிழ் எந்த மூலைக்கு?

மாமா அப்போது ஒன்று சொன்னார். “சி.டி. ஒண்ணு இருக்கணுமே.” பரணில் தேடினோம். மார்க்கர் பேனாவில் ‘ஜீனோ’ என்று எழுதிய ஒரு சி.டி. கிடைத்தது. பிரவுசிங் சென்டர் பையனிடம் 30 ரூபாய் கொடுத்து ரைட் பண்ணியதாம். கூடவே இரண்டு ப்ளாப்பிகளும் இருந்தன, எண்ணூர் உப்புக் காற்றில் துருப்பிடித்து. அவற்றை விட்டுவிட்டோம். என் லேப்டாப்பில் சி.டி. டிரைவ் கிடையாது. நண்பரிடம் யு.எஸ்.பி.யில் மாட்டும் டி.வி.டி. டிரைவ் கடன் வாங்கினேன். சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. 37 டெக்ஸ்ட் பைல்கள்.

திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிசையாக நின்றன. மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன், ஏனென்றால் பைல் கெடவில்லை என்று தெரிந்துவிட்டது. அது டிஸ்கி.

புதியவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பழைய முறையில் ஒரு எழுத்துக்கு 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு எண். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு. மிச்சம் 128 இடங்களில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துக்கள் உட்கார்ந்திருக்கும். தமிழுக்கென்று டிஸ்கி, டாப் போன்ற முறைகளை உருவாக்கியவர்கள் அந்த இடங்களில் தமிழ் எழுத்துக்களை உட்கார வைத்தார்கள். அதற்கான பாண்ட் இருந்தால் தமிழ் தெரியும்; இல்லாவிட்டால் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள்தான். யூனிகோட் முறையில் தமிழுக்குச் சொந்தமாகவே இடம் உண்டு. அங்கே ‘அ’ என்றால் அது ‘அ’ மட்டும்தான், வேறு மொழிக்காரர் யாரும் வந்து உட்கார முடியாது. டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, என்.எச்.எம். கன்வர்ட்டர் அப்படி ஒன்று. ஒரு பைலை முழுவதும் காப்பி செய்து உள்ளே போட்டு பட்டனைத் தட்டினேன். திரையில் மாமா எழுதியது தமிழில் வந்து நின்றது.

அந்தக் கடிதங்களில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. நாவலில் மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர் என்று வருகிறதல்லவா? குழுமத்தில் யாரோ ஒருவர், இது ஜனங்களை அடக்கி வைக்கும் ஆட்சியின் அடையாளம் என்று பெரிய விளக்கம் எழுதியிருக்கிறார். மாமாவின் பதில் எட்டு வரி. எங்கள் யார்டுக்கு வரும் கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் 4 எழுத்தும் 7 எண்ணும் உண்டு. அதில் கடைசி எண், முன்னால் உள்ளவற்றைத் தப்பாக எழுதிவிட்டால் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. நான் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் கணக்கு உதைத்து, அந்தக் கன்டெய்னர் தப்பைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். நிலாவின் பெயரை யாராவது தப்பாக எழுதிவிட்டால் திருத்த என்ன இருக்கிறது, ஜீனோவைத் தவிர? இதுதான் அவர் கேட்டது.

நான் இன்ஜினியரிங்கில் செக் டிஜிட் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். நாவலையும் நாலு தடவை படித்திருக்கிறேன். இரண்டும் எனக்கு ஒன்று சேரவே இல்லை. ராயபுரத்தில் தினமும் கன்டெய்னர் நம்பரை எழுதுகிறவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய விஷயம் அது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் இதற்குப் பதில் போட்டிருக்கிறார் என்பது மாமாவின் அடுத்த கடிதத்திலிருந்து தெரிகிறது. “நீங்கள் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை” என்று மாமா அதில் ஆரம்பிக்கிறார். சிங்கப்பூர்க்காரர் என்ன சொன்னார்? சி.டி.யில் இல்லை. மாமா தான் எழுதியதை மட்டும் சேமித்திருக்கிறார், மற்றவர்கள் எழுதியதை விட்டுவிட்டார். கேட்டால், “அது அங்கயே இருக்கும்னு நெனச்சேன்டா” என்கிறார்.

இப்போது எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு பக்கத்து வாசகர்கள் அறுபது பேர் இருக்கிறோம். அறிவியல் கதை, மாயாஜாலக் கதை என்றால் உயிரை விடுகிறவர்கள். ஒரு மாதம் என்ன பேசினோம் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். நாற்பதுக்கும் மேல் பி.டி.எப். பைல்கள். ஹாரி பாட்டர் ஏழு பாகமும் ஒரே நிமிடத்தில். அதன் கீழே ‘நன்றி’, ‘சூப்பர்’, கும்பிடும் கை. கதையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா? நாலு இடத்தில். பைல் வந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஏழு பாகம் கையில் இருப்பவன் ஒரு பாகமும் படிப்பதில்லை என்பதும் என் அனுபவம். அந்தக் குழுவில் நானும் பைல் போட்டவன்தான், எனவே யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

சட்டமும் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் ஓர் எழுத்தாளரின் காப்புரிமை அவர் காலத்துக்குப் பின் 60 வருடம். சுஜாதாவின் நூல்களுக்கு 2068 கடைசி வரை உண்டு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ‘பொன்னியின் செல்வன்’ மதுரைத் திட்டத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, தாராளமாக அனுப்பலாம். 1998-ல் தொடங்கிய அந்தத் திட்டம் முழுக்கத் தன்னார்வலர்களின் உழைப்பு. சுஜாதாவின் நூல்கள் அச்சிலும், காசு கொடுத்து வாங்கும் மின்நூலாகவும் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து அனுப்பி நாம் எதையும் காப்பாற்றவில்லை. “புத்தகம் வாங்க வசதி இல்லாத பையன் என்ன செய்வான்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நானும் அந்தப் பையனாக இருந்தவன். கிளை நூலகம் இருக்கிறது. அதோடு, எங்கள் குழுவில் பைல் போடுகிறவர்கள் பாதிப் பேர் என்னைப் போலச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

வெளிநாட்டு ரசிகர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட உஷார். அவர்களும் மற்றவர்கள் நடத்திய இடங்களில் எழுதி, இழந்து, கையைச் சுட்டுக் கொண்டவர்கள்தான். பிறகு தாங்களே பணம் போட்டு, சொந்த சர்வர் வாங்கி, சொந்தமாக புரோகிராம் எழுதி ‘ஆர்க்கைவ் ஆப் அவர் ஓன்’ என்ற தளத்தை உருவாக்கினார்கள். 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். லாப நோக்கம் இல்லை, விளம்பரம் இல்லை. 2019-ல் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் ஏங்கும் விருது! தமிழ் வாசகர்களுக்கு அப்படி ஓர் இடம் வர வேண்டும். வரும் வரை ஒவ்வொருவரும் தன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரையாவது வைத்திருக்கலாமே.

அது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு நாவல் படித்து முடித்தால் நாலு வரி எழுதுங்கள். விண்டோஸ் 10, 11-ல் தமிழ் போனடிக் கீபோர்டு கூடவே வருகிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். ‘Amma’ என்று தட்டினால் அம்மா வரும். நோட்பேடில் எழுதி, சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்.-8 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பழைய விண்டோஸில் அது ஆன்சி என்று இருக்கும். கவனிக்காமல் சேமித்தால் மறுநாள் திறக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிதான் இருக்கும், அதை எந்தக் கன்வர்ட்டராலும் மீட்க முடியாது. பைலின் பெயரில் தேதி இருக்கட்டும். பிறகு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் நல்ல விவாதம் நடந்தால் எக்ஸ்போர்ட் சாட் என்ற கட்டளை முழுப் பேச்சையும் டெக்ஸ்ட் பைலாகத் தந்துவிடும். ஓர் இணையப் பக்கத்தில் நல்ல கட்டுரை கண்டால் வேபேக் மெஷின் தளத்தில் அதன் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம், இலவசம்தான். உங்கள் போல்டரை மாதம் ஒரு தடவை பென் டிரைவிலும் காப்பி செய்திடுங்கள். முக்கியமாக, உங்களுக்கு வந்த பதில்களையும் சேர்த்து வையுங்கள். அதைச் செய்யாததால்தான் சிங்கப்பூர்க்காரர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மாமா போன வருடம் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மாடல் பார்த்து வாங்கிக் கொடுத்தது நான்தான். போனடிக் கீபோர்டும் போட்டுக் கொடுத்தேன். இன்னமும் ஒரு விரல்தான். அந்தக் கன்டெய்னர் கடிதத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னேன். ரொம்பக் கூச்சப்பட்டார். 20 வருடத்துக்கு முன் எழுதியது, இப்போது யாருக்கு வேண்டும் என்றார். வற்புறுத்திய பிறகு போட்டார். பத்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது, எண்ணூரிலிருந்து ஒரு காலேஜ் பையன்.

“செம்ம அங்கிள். இந்த புக் பி.டி.எப். இருக்கா?”

மாமா போனை என்னிடம் நீட்டினார். “இவனுக்கு இன்னாடா சொல்றது?”

கிளை நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் உங்கள் பிரதியைப் படிக்கக் கொடுங்கள் என்றேன். மாமா அப்படியே எழுதினார். அதோடு, படித்துவிட்டு ஜீனோவைப் பற்றி எட்டு வரி எழுதினால்தான் அடுத்த பாகம் தருவேன் என்று ஒரு வரியைத் தானாகவே சேர்த்துக் கொண்டார்.